முறுக்கிக்கொண்ட நரம்பு

திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் ஞாயிறுதோறும் தூண்டில் போடுவோம். போன மாதம் என் தூண்டில் கழியில் நரம்பு (தூண்டில் இழை) சுற்றும் ரீல் பாடாய்ப்படுத்தியது. மூன்றாவது வீச்சிலேயே நரம்பு சுருள் சுருளாகக் கழன்று, தேங்காய் நார்ப் பொதிபோலச் சிக்கிக்கொள்ளும். இரண்டு முறை வெட்டிவிட்டுப் புதிதாகச் சுற்றினேன். பயனில்லை.

பக்கத்தில் தக்கையைப் பார்த்தபடி அமர்ந்திருந்த பெரியவர்தான் கேட்டார்: "தம்பி, நரம்புக் கட்டையை எப்படி வைத்துச் சுற்றினீர்கள்?"

கோளாறு அங்கேதான். புது நரம்பு சுற்றி வரும் கட்டையைத் தரையில் படுக்கவைத்து, ரீலில் இருபது சுற்று ஏறியதும் நிறுத்தி நரம்பைச் சற்றுத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அது தானாக முறுக்கிக்கொண்டால் கட்டையைப் புரட்டிப்போட வேண்டும். ரீலை விளிம்புவரை நிரப்பவும் கூடாது. 2 மில்லிமீட்டராவது இடம் விட வேண்டும். நான் வழிய வழியச் சுற்றியிருந்தேன்.

ஏற்கெனவே ஏறிய முறுக்குக்கு ஆறே மருந்து. முள், ஈயம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் நரம்பை ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் விட்டேன். சில நிமிடங்களில் நீரே முறுக்கைப் பிரித்துவிட்டது. ஈரத்துணியால் பிடித்தபடி இறுக்கமாகச் சுற்றினேன். மீனை ஈர்க்க நீரில் சுழலும் தகடு கட்டும்போது, முறுக்கு நரம்பில் ஏறாமல் தடுக்கும் சுழல் வளையமும் இப்போது சேர்க்கிறேன்.

வெட்டிய நரம்பைக் கரையில் போடாதீர்கள். நீர்க்காகத்தின் காலில் அது இறுகிக் கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். துண்டு துண்டாக நறுக்கி வீட்டுக் குப்பையில் சேர்க்கிறேன்.