ஆடைப் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி? ஃபிட், கட், ரைஸ் முதல் ஜி.எஸ்.எம். வரை

இணையத்தில் ஒரு டி-ஷர்ட்டைத் திறந்தால் அதன் பெயரே இரண்டு வரி ஓடுகிறது: 'ரிலாக்ஸ்ட் ஃபிட் டிராப் ஷோல்டர் ஹென்லி நெக் காட்டன் பிளெண்ட் பிரீமியம் டி-ஷர்ட்'. இதில் எந்தச் சொல் உடம்பில் எப்படி உட்காரும் என்று சொல்கிறது, எது சும்மா ஒட்டிக்கொண்டு வந்தது என்று பிரிக்கத் தெரிந்தாலே வாங்குவதும் திருப்பி அனுப்புவதுமாக அலைவது நன்றாகக் குறையும். நான் பின்பற்றும் முறையை வரிசையாக எழுதுகிறேன். எஸ், எம், எல் என்றால் என்ன என்பதிலிருந்தெல்லாம் ஆரம்பிக்கப் போவதில்லை.

படி 1: மாதிரி உடையும் டேப்பும்

உங்களிடம் இருப்பதிலேயே கச்சிதமாகப் பொருந்தும் சட்டை ஒன்று, பேண்ட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்துக் காய்ந்ததாக இருக்கட்டும். இனி வாங்கும் எல்லாவற்றையும் இவற்றோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

அளக்கத் தையல்காரர் டேப்தான் சரி. அதிலும் ஃபைபர் கிளாஸ் இழை கலந்ததை வாங்குங்கள். பழைய துணி டேப் நாளடைவில் இழுபட்டு நீண்டுவிடும். தச்சர் வைத்திருக்கும் இரும்பு டேப் வளைவுகளில் படியாது. மொபைல் கேமராவால் அளந்து சொல்லும் செயலிகள் எனக்கு ஒத்துவரவில்லை. தட்டையாக அளக்கும்போது 2 செ.மீ. பிசகினால் சுற்றளவில் அது 4 செ.மீ. ஆகிவிடும். பல அட்டவணைகளில் அது கிட்டத்தட்ட ஒரு முழு சைஸ்.

படி 2: பெயரை நான்காகப் பிரியுங்கள்

எவ்வளவு நீளமான பெயராக இருந்தாலும் நான்கு விஷயங்களைத்தான் சொல்கிறது: எவ்வளவு தளர்வு (ஃபிட்); என்ன வடிவம் (கட்); கழுத்து, கை, நீளம் எப்படி; துணி என்ன. மேலே உள்ள பெயரில் ரிலாக்ஸ்ட் என்பது ஃபிட். டிராப் ஷோல்டர் என்பது தோள் தையல் எங்கே விழுகிறது என்பது. ஹென்லி என்றால் காலர் இல்லாத வட்டக் கழுத்து, அதன் கீழே இரண்டு மூன்று பட்டன். காட்டன் பிளெண்ட் என்றால் பருத்தியோடு வேறு இழை கலந்திருக்கிறது. 'பிரீமியம்' எதிலும் சேராது, அதை விட்டுவிடுங்கள். 'டிசைனர்', 'லேட்டஸ்ட்', 'பார்ட்டி வேர்' இவையும் அதே ரகம்.

கழுத்தையும் கையையும் படத்திலேயே பார்த்துவிடலாம், அதனால் வேகமாகப் போகிறேன். குரூ நெக் கழுத்தை ஒட்டிய வட்டம், ஸ்கூப் நெக் அதைவிட இறங்கியது, போட் நெக் தோளிலிருந்து தோளுக்குக் கிடைமட்டமாகப் போவது. கையில் கேப் ஸ்லீவ் தோள் முனையை மட்டும் மூடும், பிஷப் ஸ்லீவ் கீழே போகப் போக அகன்று மணிக்கட்டில் சுருங்கும், பெல் ஸ்லீவ் அகன்று அப்படியே விரிந்து நிற்கும்.

ராக்லன் ஸ்லீவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் தோளில் தையல் கிடையாது. கைத்துணி கழுத்து வரை சாய்வாக ஏறும். 1815-இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபுவின் பெயரில் வந்த தையல் இது. தோள் தையலே இல்லாததால் அட்டவணையில் தோள் அளவு இருக்காது, இருந்தாலும் நம்ப வேண்டாம்.

படி 3: ஃபிட் வேறு, கட் வேறு

ஃபிட் என்பது உடம்புக்கும் துணிக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஸ்கின்னி, ஸ்லிம், ரெகுலர், ரிலாக்ஸ்ட், ஓவர்சைஸ்டு என்று அது கூடிக்கொண்டே போகும். கட் என்பது வெட்டப்பட்ட வடிவம். பேண்ட்டில் தொடை முதல் கணுக்கால் வரை கோடு எப்படி இறங்குகிறது என்பதுதான் கட்.

ஸ்ட்ரெயிட் என்றால் முழங்காலிலும் கீழ் ஓரத்திலும் ஏறக்குறைய ஒரே அகலம். டேப்பர்டு என்றால் தொடையில் இடம் இருக்கும், கீழே குறுகும். பூட்கட் முழங்காலுக்குக் கீழே லேசாக விரியும், ஃபிளேர் நன்றாகவே விரியும். வைட் லெக் இடுப்புக்குக் கீழிருந்தே அகலம். சமீபத்தில் எங்கும் தென்படும் பேரல் லெக், முழங்கால் பக்கம் வெளியே வளைந்து கணுக்காலில் திரும்பக் குறுகும்.

ஸ்லிம் டேப்பர்டும் உண்டு, ரிலாக்ஸ்ட் டேப்பர்டும் உண்டு. அதனால் 'டேப்பர்டு' என்று பார்த்ததும் இறுக்கமாக இருக்கும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தொடை பருமனானவர்களுக்கு ஸ்லிம் ஸ்ட்ரெயிட்டைவிட ரிலாக்ஸ்ட் டேப்பர்டுதான் பெரும்பாலும் பொருந்தும் என்பது என் கட்சி.

மேலாடையில் ஏ-லைன் என்பதும் கட்தான்: மேலே ஒடுங்கி, கீழே போகப் போக விரியும். பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் 1955 வசந்த காலத் தொகுப்புக்கு வைத்த பெயர் இது. எம்பயர் வெய்ஸ்ட் என்றால் இடுப்புத் தையல் மார்புக்குச் சற்றுக் கீழேயே வந்துவிடும். பயாஸ் கட் என்பது துணியை நூலோட்டத்துக்கு 45 டிகிரி சாய்த்து வெட்டுவது. அதனால் துணி உடம்போடு இழைந்து விழும். 1920-களிலேயே பிரெஞ்சு வடிவமைப்பாளர் மாடலின் வியோனே இதில் பேர் வாங்கிவிட்டார். அழகாக இருக்கும், ஆனால் ஹேங்கரில் தொங்கவிட்டால் நீண்டுகொண்டே போகும். மடித்து வையுங்கள்.

படி 4: ரைஸ்

என்னை நெடுநாள் குழப்பியது இதுதான். ஒரே இடுப்பு எண் போட்ட இரண்டு ஜீன்ஸ். ஒன்று கச்சிதம், இன்னொன்றில் பட்டனே போட முடியவில்லை. காரணம் ரைஸ்.

பேண்ட்டில் நான்கு தையல்கள் சந்திக்கும் ஒரு புள்ளி கவட்டில் இருக்கும். அங்கிருந்து முன்பக்கமாக இடுப்புப் பட்டியின் மேல் விளிம்பு வரை உள்ள நீளம்தான் ஃப்ரண்ட் ரைஸ். தோராயமாக 20 செ.மீ.க்குக் கீழே என்றால் லோ ரைஸ், 20 முதல் 25 வரை மிட் ரைஸ், அதற்கு மேல் ஹை ரைஸ். சைஸ் கூடக் கூட இதுவும் கூடும்.

உடம்பில் இடுப்பு எல்லா உயரத்திலும் ஒரே சுற்றளவு கிடையாது. தொப்புள் பக்கம் ஒன்று, நான்கு விரல் கீழே இறங்கினால் வேறொன்று. லோ ரைஸ் பேண்ட்டின் பட்டி இடுப்பெலும்பு அருகே உட்காரும், ஹை ரைஸ் பேண்ட்டின் பட்டி மேலே ஒடுங்கிய இடத்தில் உட்காரும். வயிறு மேலே பருத்தவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். ஆக, இடுப்பு எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் எந்த உயரத்தில் அளந்த இடுப்பு என்பதே தெரியாமல் வாங்குகிறோம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாதிரி பேண்ட்டைப் பட்டன் போட்டுத் தரையில் விரியுங்கள். மெத்தை வேண்டாம், அதில் துணி குழிந்துவிடும். முதலில் ரைஸை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பட்டியின் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒரே கோட்டில் வரும்படி வைத்து, அகலத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். பட்டி வளைந்திருந்தால் வளைவோடு அளக்க வேண்டும். அடுத்து அதே கவட்டுப் புள்ளியிலிருந்து உள்பக்கத் தையல் வழியாகக் கீழ் ஓரம் வரை, அது இன்சீம். கடைசியாகத் தொடை, கவட்டுக்குச் சற்றுக் கீழே குறுக்காக.

லேபிளில் 32 என்றிருக்கும் பேண்ட்டை இப்படி அளந்தால் 34 அங்குலம் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். வாங்குபவரின் மனம் குளிர எண்ணைக் குறைத்துப் போடும் பழக்கம் பல தயாரிப்பாளர்களிடம் உண்டு. வேனிட்டி சைஸிங் என்பார்கள். அதனால் லேபிள் எண்ணை விட்டுவிட்டு டேப் காட்டுவதை எழுதி வையுங்கள்.

படி 5: அட்டவணை அளப்பது உங்களையா, உடையையா?

சைஸ் சார்ட் இரண்டு வகை. ஒன்று, இந்த உடை எந்த உடம்புக்கு என்று சொல்வது. இன்னொன்று, உடையையே அளந்து போட்டது. தலைப்பில் தெளிவாக எழுதியிருந்தால் நல்லது, பல நேரம் இருக்காது. அப்போது நான் பார்க்கும் அடையாளங்கள்: 92–96 என்று எல்லை கொடுத்திருந்தால் பெரும்பாலும் உடம்பின் அளவு. ஒற்றை எண்ணாக, கூடவே உடையின் முழு நீளமும் கொடுத்திருந்தால் உடையின் அளவு. மார்புக்கு 50, 52, 54 என்று இருந்தால், அது தட்டையாக அக்குள் முதல் அக்குள் வரை அளந்தது, இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம். உங்கள் மார்புச் சுற்றளவு 96 செ.மீ. மாதிரிச் சட்டை தட்டையாக 54, அதாவது சுற்றளவு 108. நடுவே உள்ள 12 செ.மீ.தான் உங்களுக்குப் பிடித்த தளர்வு. தையல் உலகில் இதை ஈஸ் என்பார்கள். உடையை அளந்த அட்டவணை என்றால் 108-ஐத் தேடுங்கள். உடம்பை அளந்த அட்டவணை என்றால் 96-ஐத் தேடுங்கள். மாற்றிப் பிடித்து, உடை அளவில் 96-ஐத் தேர்ந்தெடுத்தால் மூச்சுவிடக்கூட இடம் இருக்காது.

டிராப் ஷோல்டரில் இன்னொரு சிக்கல். தோள் தையல் கையில் இறங்கி விழுவதால் தோள் அளவு பெரிதாகவும் கை நீளம் குட்டையாகவும் தெரியும். இரண்டையும் தனித்தனியே பார்க்காதீர்கள். தோள் அளவில் பாதியையும் கை நீளத்தையும் கூட்டி, மாதிரிச் சட்டையின் அதே கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். மிகத் துல்லியம் இல்லை, ஆனால் கை எங்கே முடியும் என்பது தெரிந்துவிடும்.

படி 6: துணி

பெயரில் வரும் துணிச் சொற்களில் பாதி இழையைச் சொல்கின்றன, பாதி நெசவைச் சொல்கின்றன. பருத்தி, லினன், பாலியெஸ்டர், விஸ்கோஸ் இவை இழைகள். சாட்டின், ட்வில், பாப்ளின் இவை நெசவுகள். சாட்டின் என்று போட்டிருந்தால் பட்டு என்று பொருள் இல்லை. பாலியெஸ்டரிலும் சாட்டின் நெய்யலாம், விலை மலிந்தவை பெரும்பாலும் அதுதான். டெனிம் ஒரு ட்வில், அதில் சாய்கோடுகள் தெரியும். ஷாம்ப்ரே பார்க்க டெனிம் மாதிரி இருந்தாலும் சாதா நெசவு, எடையும் குறைவு.

டி-ஷர்ட்டுக்கு ஜி.எஸ்.எம். பாருங்கள்: ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. 150 பக்கம் என்றால் மெல்லியது, வெள்ளை நிறத்தில் உள்ளே இருப்பது தெரியலாம். 180–200 நடுத்தரம், எனக்குப் பிடித்தது. 220-க்கு மேல் கனம். ஓவர்சைஸ்டு டி-ஷர்ட் தொங்கிப்போகாமல் விறைப்பாக நிற்க இந்தக் கனம் வேண்டும். டெனிமை அவுன்ஸில் சொல்வார்கள், ஒரு சதுர கெஜத்துக்கு எவ்வளவு எடை என்று. ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 34 ஜி.எஸ்.எம். 12 அவுன்ஸ் ஜீன்ஸ் என்றால் சுமார் 400.

ஸ்பாண்டெக்ஸ், எலாஸ்டேன் இரண்டும் ஒரே இழை; லைக்ரா அதன் ஒரு பிராண்டு பெயர். ஜீன்ஸில் 1–2 சதவீதம் இருந்தால் உட்கார எழ வசதி. அதற்கு மேல் போனால் ஜீன்ஸ் வேடத்தில் வந்த லெகிங்ஸ் என்பேன்.

படி 7: டிரெண்டு பெயர்கள்

இதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். நார்ம்கோர், காட்டேஜ்கோர், கொயட் லக்ஷரி எல்லாம் தோற்றத்துக்கு வைத்த பெயர்கள், அளவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அடையாளம் இல்லாத சாதாரண உடையையே பாணியாக்கியது முதலாவது. கிராமத்துப் பூப்போட்ட நீள கவுன்கள் இரண்டாவது. லோகோ தெரியாத, விலை உயர்ந்த துணி மூன்றாவது. பெயர்தான் வேகமாக மாறும், உடையின் வடிவம் மெதுவாகத்தான் மாறும். 2000-களின் தொடக்கத்தில் லோ ரைஸ், பிறகு பல ஆண்டுகள் ஹை ரைஸ் ஸ்கின்னி, இப்போது அகலமான கால்கள். புதுப் பெயர் காதில் விழுந்தால் படத்தைத் திறந்து, ஃபிட் என்ன, கட் என்ன, ரைஸ் என்ன என்று படி 2-இன்படி பிரித்துவிடுங்கள்.

கேப்சூல் வார்ட்ரோப் மட்டும் கொஞ்சம் பயன்படும் யோசனை: ஒன்றோடொன்று சேரும் சில உடைகளை மட்டும் வைத்துக்கொள்வது. லண்டனில் கடை நடத்திய சூசி ஃபோ 1970-களில் பரப்பியது. ஆனால் 'இந்த 33 உடை போதும்' மாதிரிப் பட்டியல்களைப் பார்த்து மொத்தமாக வாங்கிக் குவித்தால் அந்த யோசனைக்கே அர்த்தம் இல்லை.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்த சந்தேகங்கள்

'அளவு எல்லாம் சரி, துவைத்ததும் சுருங்கிவிட்டது' என்று பலர் எழுதியிருந்தீர்கள். விவரத்தில் சான்ஃபரைஸ்டு அல்லது பிரீ-ஷ்ரங்க் என்று இருக்கிறதா பாருங்கள். சான்ஃபரைசேஷன் 1930-இல் சான்ஃபோர்ட் குளூயெட் காப்புரிமை பெற்ற முறை. துணியை இயந்திரத்தில் முன்கூட்டியே சுருக்கிவிடுவார்கள். அப்படி எதுவும் இல்லாத பருத்தி என்றால் நீளத்தில் 3–5 சதவீதம் விட்டுத் தேர்ந்தெடுங்கள். 70 செ.மீ. சட்டையில் அது 2 முதல் 3.5 செ.மீ.

இன்னொருவர் கேட்டது: மாடல் போட்டிருக்கும் சைஸை வைத்து முடிவு செய்யலாமா? மாடலின் உயரமும் சைஸும் கொடுத்திருந்தால் நீளம் எங்கே வரும் என்று கணிக்கலாம், அவ்வளவுதான். படப்பிடிப்பில் துணியை முதுகுப் பக்கம் இழுத்து கிளிப் போடுவது சகஜம். முதுகு தெரியும் படமோ வாங்கியவர்கள் போட்ட படமோ இருந்தால் அதைப் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால், திருப்பி எடுத்துக்கொள்ளும் விதி என்ன என்று படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.