தட்டை உருவத்தைத் திண்மத்தோடு இணைப்பது எப்படி? தோல் அச்சுக்கட்டை வழியாக ஆட்டோகேட் தொடக்கப் பயிற்சி

பேரணாம்பட்டு, ஆம்பூர், இராணிப்பேட்டை எனப் பழைய வட ஆற்காடு எங்கும் தோல் தொழில் பரவியிருப்பதால், வேலூர்ப் பக்கத்தில் ஆட்டோகேட் என்னும் கணினி வரைபட மென்பொருளைக் கற்கத் தொடங்குபவருக்குத் தோலில் முத்திரை பதிக்கும் பித்தளை அச்சுக்கட்டையே மிகப் பொருத்தமான பயிற்சிப் பொருள் என்று கருதுகிறேன். அதில் ஒரு கனமான கட்டையும், அதன் மேல் புடைத்து நிற்கும் ஒரு சித்திரமும் இருக்கின்றன. கட்டை முப்பரிமாணத் திண்மம். சித்திரமோ நாம் தாளில் வரைவது போன்ற தட்டையான கோட்டுருவம். இவ்விரண்டையும் ஒரே பொருளாக்குவதுதான் இந்தப் பயிற்சி.

முதலில் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். தட்டை உருவத்துக்குப் பரப்பு உண்டு, கன அளவு இல்லை. ஆகவே திண்மத்தையும் தட்டை உருவத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, பொருள்களை ஒன்றாக்கும் யூனியன் கட்டளையைக் கொடுத்தாலும், ஆட்டோகேட் திண்மங்களைத் தனியாகவும் ஒரே தளத்தில் உள்ள தட்டை உருவங்களைத் தனியாகவும்தான் இணைக்குமே தவிர, ஒன்றை மற்றொன்றோடு இணைக்காது. சித்திரத்துக்குத் தடிமன் கொடுத்து, அதைச் சரியான உயரத்தில் அமர்த்திய பிறகே இணைப்பு நடக்கும். ஆட்டோகேட் எல்டி எனப்படும் குறைந்த வசதிகள் கொண்ட பதிப்பில் திண்மங்களை உருவாக்கும் வசதி இல்லை என்பதால் முழுப் பதிப்பையே பயன்படுத்துங்கள்.

அலகை மில்லிமீட்டராக வைத்துக்கொண்டு, 60 மி.மீ. நீளமும் 40 மி.மீ. அகலமும் உள்ள பரப்புக்குள், தோற்றப் புள்ளி (0,0) இடது கீழ் மூலையில் அமையுமாறு ஒரு மாங்காய் வடிவத்தை வரையுங்கள். புடவைக் கரையில் காணும் அதே மாங்காயைச் சில வில்கோடுகளால் அமைத்து, நடுவில் ஒரு சிறு வட்டத்தையும் இடலாம். வில்கோடுகளின் முனைகள் கண்ணுக்குச் சேர்ந்ததுபோல் தெரிந்தால் போதாது. புள்ளிகளைத் துல்லியமாகப் பிடிக்க உதவும் ஆஸ்னாப்பில், கோட்டு முனையைப் பிடிக்கும் எண்ட்பாயிண்ட் வசதியை இயக்கி, முனையோடு முனை சரியாகத் தொடும்படி வரைய வேண்டும். பிறகு இந்தத் தட்டைப் படத்தின் நகல் ஒன்றை 100 மி.மீ. தள்ளி வைத்துவிடுங்கள். பின்னால் திருத்தம் தேவைப்படும்போது அது பெரிதும் உதவும்.

அடுத்து, மாங்காயை மிரர் கட்டளையால் இடம் வலமாகத் திருப்புங்கள். அச்சில் இருப்பது தோலில் எதிர்ப்புறமாகவே பதியும் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்க இயலாது. எழுத்துகளைச் சேர்க்க விரும்புவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்: டெக்ஸ்ட்டாக இருக்கும்வரை எழுத்துக்குத் தடிமன் கொடுக்க முடியாது என்பதோடு, இயல்பான அமைப்பில் மிரர் செய்தாலும் அது திரும்பாமல் நேராகவே நிற்கும். அதை முதலில் கோடுகளாக மாற்றியாக வேண்டும். முதல் பயிற்சிக்கு எழுத்து வேண்டாம் என்பதே என் பரிந்துரை.

இப்போது, மூடிய கோட்டுருவத்தை ரீஜன் எனப்படும் ஒரே தட்டைப் பரப்பாக மாற்றும் ரீஜன் கட்டளையைக் கொடுத்து மாங்காயையும் வட்டத்தையும் தேர்ந்தெடுங்கள். இரண்டு ரீஜன்கள் உருவானதாகக் கட்டளை வரி காட்ட வேண்டும். ஒன்றுதான் உருவானது என்றால் மாங்காயின் கோடுகளில் எங்கோ இடைவெளி இருக்கிறது. சப்ட்ராக்ட் கட்டளையால் மாங்காயிலிருந்து வட்டத்தைக் கழித்த பின், மாஸ்பிராப் கட்டளை அந்தச் சித்திரத்தின் பரப்பைச் சொல்லும். அது 500 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

தொடக்கநிலையினர் மிகுதியாகத் தவறுவது அடுத்த படியில்தான். சித்திரம் இப்போது தரைத்தளத்தில், அதாவது உயரத்தைக் குறிக்கும் இசட் அளவு 0 என்ற இடத்தில் கிடக்கிறது. கட்டையின் மேற்பரப்போ 10 மி.மீ. உயரத்தில் வரப்போகிறது. மேலிருந்து பார்க்கும்போது இந்த உயர வேறுபாடு புலப்படாது. எனவே கட்டையை வரைவதற்கு முன்பே மூவ் கட்டளையால் 0,0,0 என்ற புள்ளியிலிருந்து 0,0,10 என்ற புள்ளிக்குச் சித்திரத்தை உயர்த்திவிடுங்கள். அதன்பின் பாக்ஸ் கட்டளையில் முதல் மூலையாக 0,0,0 என்றும், எதிர் மூலையாக 60,40 என்றும், உயரமாக 10 என்றும் கொடுத்தால் கட்டை உருவாகும். பார்வையைச் சாய்வாக மாற்றிக்கொண்டு, எக்ஸ்ட்ரூட் கட்டளையால் சித்திரத்துக்கு மேல்நோக்கி 2 மி.மீ. உயரம் கொடுத்து, கட்டையையும் சித்திரத்தையும் யூனியன் கட்டளையால் இணையுங்கள்.

இணைந்ததைக் கண்ணை மட்டும் நம்பி ஏற்றுக்கொள்ளாமல், மீண்டும் மாஸ்பிராப் கட்டளையால் சரிபார்க்க வேண்டும். கட்டையின் கன அளவு 60×40×10, அதாவது 24,000 கன மி.மீ.; சித்திரத்தின் கன அளவு 500×2, அதாவது 1,000 கன மி.மீ.; ஆக மொத்தம் 25,000 வர வேண்டும். 24,000 மட்டுமே வந்தால், சித்திரம் உயர்த்தப்படாமல் கட்டைக்குள்ளேயே மூழ்கிவிட்டது என்று பொருள். ஆனால் கன அளவு சரியாக இருப்பதும் போதாது. ஒன்றையொன்று தொடாத திண்மங்களைக்கூட யூனியன் ஒரே பொருளாக்கிவிடும் என்பதால், கட்டைக்கு அரை மி.மீ. மேலே மிதக்கும் சித்திரமும் 25,000 என்றே காட்டும். ஆகவே அதே பட்டியலில் உள்ள எல்லை அளவுகளையும் பாருங்கள். இசட் எல்லை 0 முதல் 12 வரை இருந்தால் சித்திரம் சரியாக அமர்ந்திருக்கிறது; 12.5 என்றால் அது மிதக்கிறது.

தோலில் சித்திரம் புடைத்து நிற்க வேண்டுமானால், அச்சில் அது குழிந்திருக்க வேண்டும். அதற்கு எக்ஸ்ட்ரூட் உயரத்தை –2 எனக் கொடுத்து, யூனியனுக்குப் பதிலாகக் கட்டையிலிருந்து சித்திரத்தைச் சப்ட்ராக்ட் செய்யுங்கள். அப்போது மாஸ்பிராப் 23,000 கன மி.மீ. என்று காட்டும்.