500 எம்பிபிஎஸ் வேகம் இருந்தும் இணையம் திணறுகிறதா? வரிசையைப் பாருங்கள்

நான் ஒரு கல்லூரி விடுதியின் இணைய இணைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். 240 மாணவிகளுக்கு 200 எம்பிபிஎஸ் (Mbps, வினாடிக்கு மெகாபிட்) வேகம். நிர்வாகத்திடம் போராடி அதை 500 ஆக்கிய அதே வாரம், வேலைக்கான நேர்காணலின் நடுவே ஒருத்தி ஓடிவந்தாள்: "மேடம், நான் பேசுவது அவர்களுக்குத் துண்டு துண்டாகக் கேட்கிறதாம்." அவளுக்குத் தேவைப்பட்டது ஓரிரு எம்பிபிஎஸ்தான். அதைக்கூடக் கொடுக்க முடியவில்லையே என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

முதலில் அளந்து பாருங்கள். இணைப்பு சும்மா இருக்கும்போது ஒரு பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரம்). பெரிய பதிவிறக்கமும் பதிவேற்றமும் ஓடும்போது இன்னொரு பிங். எங்களுக்கு 9 மில்லிசெகண்ட், 380 ஆனது. ரேஷன் கடையில் ஒரு மாதச் சாமான் வாங்குபவருக்குப் பின்னால் உப்புப் பாக்கெட்டுக்காக நிற்பது போலத்தான். அவளுடைய குரலைச் சுமந்த சின்னப் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்), ரூட்டரின் பெரிய பஃபரில், அதாவது தரவு காத்திருக்கும் இடத்தில், பிறரது பதிவிறக்கங்களுக்குப் பின்னால் நின்றன. 1500 பைட் பாக்கெட்டுகள் ஆயிரம் நின்றால், ஒரு ஜிகாபிட் இணைப்பில் 12 மில்லிசெகண்டில் தீர்ந்துவிடும். 10 எம்பிபிஎஸ் பதிவேற்றத்தில் அதற்கு 1.2 வினாடி ஆகும்.

இதற்கு மருந்து, 2018-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் 4.19 பதிப்புடன் வந்த 'கேக்' (CAKE) என்ற வரிசை முறை. ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற லினக்ஸ் மென்பொருள் ஓடும் ரூட்டரில் எஸ்கியூஎம் (SQM) பொதியை நிறுவினால் கிடைக்கும். வேகத்தை 450 என்று, அதாவது வாங்கியதில் 90 சதவீதமாக வையுங்கள். காசு கொடுத்த 50-ஐ விடுவதா என்று நிர்வாகம் கேட்கும். விடத்தான் வேண்டும். நெரிசல் நம் இயந்திரத்தில் நேர்ந்தால்தான் வரிசை நம் கையில் இருக்கும். இல்லாவிட்டால் அது சேவை நிறுவனத்தின் கருவியில் போய் நிற்கும்.

அடுத்தது ஆளுக்குச் சமபங்கு. கேக்கின் அமைப்பில் இந்தச் சொற்களைச் சேருங்கள்: பதிவேற்றத்துக்கு 'நாட்' (nat), 'டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட்' (dual-srchost). பதிவிறக்கத்துக்கு 'நாட்', 'டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட்' (dual-dsthost). ஒருவர் முப்பது இணைப்புகள் திறந்தாலும் ஒரு கருவியின் பங்குதான் கிடைக்கும். இங்கே நான் ஒரு மாதம் ஏமாந்தேன்: இரண்டாம் மாடி மட்டும் தேறவே இல்லை. அங்கிருந்த வைஃபை ரூட்டர் தானும் நாட் செய்துகொண்டிருந்ததால், அதாவது எல்லாக் கருவிகளையும் ஒரே முகவரிக்குப் பின்னால் மறைத்ததால், அறுபது பேரும் 'கேக்' கண்ணுக்கு ஒரே ஆளாகத் தெரிந்திருக்கிறார்கள்! அதை வைஃபை மட்டும் தரும் வெறும் அக்சஸ் பாயிண்டாக மாற்றிய அன்றே சரியானது. உங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வைஃபை பெட்டியையும் நேரில் போய்ப் பாருங்கள்.

ஹார்டுவேர் ஆஃப்லோடிங்கை (பாக்கெட்டுகளைச் சிபியு வழியாக விடாமல் சிப்பே நேராக அனுப்பும் வசதி) அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பாக்கெட்டுகள் இந்த வரிசைக்கு வராமலே போய்விடும். சிறிய ரூட்டரின் சிபியு இவ்வளவு வேகத்துக்குத் தாங்காது. நாங்கள் ஒரு பழைய மேசைக் கணினியில் இரண்டு ஜிகாபிட் கார்டுகளைப் பொருத்தியிருக்கிறோம்.

பிறகு மாலை நேர நெரிசலில் வேகத்தைப் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். பிங் ஏறத் தொடங்கியதும் ஒரு படி இறங்கி நிறுத்துங்கள். எங்களுக்கு அது 470. இரவு ஒன்பது மணிக்கும் பிங் 14-ஐத் தாண்டுவதில்லை.