கெசாம்ட்ஷூலேயில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு: ஏழாம் வகுப்புக்கு முன் அறிய வேண்டியவை

ஜேர்மனியின் நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்துக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பெற்றோர், நான்காம் வகுப்பு முடியும் தறுவாயில் பிள்ளையை எந்த வகைப் பாடசாலைக்கு அனுப்புவது என்று கேட்டால், நான் பெரும்பாலும், எல்லாத் தரப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் படிப்பிக்கும் முழுநாள் கெசாம்ட்ஷூலேயைத்தான் சொல்வேன். இப்போதும் அந்தக் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் இடம் கிடைத்தவுடன், இனி பத்தாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதலாக இருந்துவிடுகிறார்களே, அந்த ஆறுதல் என் நண்பர் வீட்டில் என்ன செய்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சேர்க்கைக்கான நடைமுறை எளியது. ஜனவரி இறுதியில் அரையாண்டுச் சான்றிதழுடன் ஆரம்பப் பாடசாலை தன் பரிந்துரையைத் தரும். இம்மாநிலத்தில் அது பெற்றோரைக் கட்டுப்படுத்தாது. பவேரியாவில் நிலைமை வேறு. அங்கே மூன்று முக்கிய பாடங்களின் சராசரி 2.33ஐத் தாண்டினால் (ஜேர்மனியில் 1 மிகச் சிறந்த மதிப்பெண், 6 மிக மோசமானது) பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் கிம்னாசியத்துக்குப் பொதுவாக நேரடி வழி இல்லை. நோர்ட்ரைன் வெஸ்ட்பாலனில் பதிவுப் படிவத்தின் மூலப்பிரதி ஒன்றே கிடைக்கும் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு பாடசாலையில் மட்டுமே பதியலாம். பல நகரங்களில் கெசாம்ட்ஷூலேக்கான பதிவு முன்னதாகவே நடந்துவிடும், இடமும் பற்றாக்குறை. ஆகவே நவம்பர் முதல் நடக்கும் திறந்த நாள்களுக்கு நேரில் போய்ப் பாருங்கள்.

முழுநாள் என்றால் கிழமையில் குறைந்தது மூன்று நாள்களாவது, நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் பிள்ளை பாடசாலையில் இருக்கும். மதிய உணவு மென்சா எனப்படும் பாடசாலை உணவகத்தில். வாடகை உதவியோ பிள்ளைகளுக்கான மேலதிகக் கொடுப்பனவோ பெறும் குடும்பங்களுக்கு 2019 ஆகஸ்ட் முதல் அந்த உணவுச் செலவு முழுமையாக ஏற்கப்படுகிறது. மாலையில் பாடம் உள்ள நாளில் மறுநாளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதற்குப் பதிலாக லேர்ன்சைட் எனப்படும் பயிற்சி நேரம் பாடசாலைக்குள்ளேயே உண்டு. இதைக் கண்டு, இங்கே படிப்பே இல்லை என்று முடிவுகட்டி, நான்கு மணிக்குக் களைத்துவரும் பிள்ளையை உடனே ரியூசனுக்கு ஏற்றிச்செல்லும் பெற்றோரை நான் நிறையவே அறிவேன். படிப்பு இருக்கிறது, அது லோக்பூஹ் என்ற குறிப்பேட்டில் இருக்கிறது. இடது பக்கத்தில் அந்தக் கிழமையின் வேலைகள், வலது பக்கத்தில் ஆசிரியரின் குறிப்பு, அடியில் பெற்றோரின் கையொப்பத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் கையொப்பமிடுவதற்கு முன் பக்கம் முழுவதையும் வாசியுங்கள்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் படிப்பதால் கெசாம்ட்ஷூலேயில் தரம் பிரிப்பதில்லை என்று நம்மவர் எண்ணுகிறார்கள். பிரிக்கிறார்கள், ஆனால் பிள்ளையை முழுதாக ஒரு பக்கம் தள்ளாமல் பாடத்துக்குப் பாடம் பிரிக்கிறார்கள். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் ஏழாம் வகுப்பு முதல், ஜேர்மன் மொழியில் எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பு முதல், பௌதிகம், இரசாயனம் ஆகிய இரண்டில் ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு முதல், விரிவு நிலையான ஏ-கூர்ஸ், அடிப்படை நிலையான கே-கூர்ஸ் என்று இரண்டு தளங்கள் தொடங்குகின்றன. பத்தாம் வகுப்பு முடிந்து, பல்கலைக்கழகம் புகுவதற்கான அபிடூர் தேர்வுக்குரிய மேல்வகுப்புக்குப் போக வேண்டுமானால், இந்த நான்கில் மூன்று பாடங்களையாவது ஏ-கூர்ஸில் படித்து 3 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். மீதமுள்ள கே-கூர்ஸில் 2 வேண்டும். ஏனைய பாடங்களில் பொதுவாக 3. சிறு விட்டுக்கொடுப்புகள் உண்டென்றாலும், இரண்டு ஏ-கூர்ஸோடு நின்றுவிட்ட பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது.

ஊரில் சாதாரண தரப் பரீட்சையோ பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வோ எழுதி வளர்ந்த நமக்கு, கடைசி ஆண்டில் விழுந்து விழுந்து படித்தால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை இரத்தத்தில் ஊறியிருக்கிறது. இங்கே அந்த நம்பிக்கை உதவாது. பத்தாம் வகுப்பின் இறுதித் தேர்வு எவ்வளவு நன்றாக அமைந்தாலும், கே-கூர்ஸில் எழுதியது கே-கூர்ஸாகவே கணக்கில் வரும்.

என் நண்பரின் மகன் யாழ்ப்பாணத்திலிருந்து பன்னிரண்டு வயதில் வந்தவன், கணக்கில் சூரன். ஆனால் இங்கத்தைய கணக்குகள் கதையாக வரும். இரண்டு கைபேசி ஒப்பந்தங்களின் மாதக் கட்டணத்தையும் நிமிடக் கட்டணத்தையும் அரைப்பக்கத்துக்கு விவரித்துவிட்டு, எத்தனை நிமிடத்துக்கு மேல் எது மலிவு என்று கேட்பார்கள். சமன்பாட்டை எழுதிக் கொடுத்தால் கண் இமைக்கும் நேரத்தில் தீர்க்கும் பையன், அந்த அரைப்பக்கத்தை வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். மொழியில் இருந்த குறையைக் கணிதக் குறையாகக் கொண்டு அவனைக் கே-கூர்ஸில் போட்டார்கள். அந்தப் பாடசாலையில் இரண்டு நிலையினரும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம், வெவ்வேறு பயிற்சித் தாள்களோடு படித்ததால் அவனுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. சான்றிதழில் கணிதத்துக்கு 2 என்று வந்தது. பக்கத்தில் சிறிய எழுத்தில் கூர்ஸின் பெயரும் இருந்தது. நண்பர் 2ஐப் பார்த்து மகிழ்ந்து, சான்றிதழைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார், வாழ்த்துகள் குவிந்தன.

ஜேர்மன் மொழியிலும் கே-கூர்ஸ் என்பதால், பத்தாம் வகுப்பின் முடிவில் அவனுக்கு நடுத்தரச் சான்றிதழ் கிடைத்தது. மேல்வகுப்புக்கான தகுதிக் குறிப்பு கிடைக்கவில்லை. அவன் வாழ்வு கெட்டுவிடவில்லை. பெறூப்ஸ்கொலெக் எனப்படும் தொழிற்கல்லூரியில் ஈராண்டுப் படிப்பில் இருக்கிறான், அதற்குப் பிறகு செயல்முறைப் பயிற்சியையும் முடித்தால் பயன்முறைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கலாம். பாடசாலையைக் கேட்டால், ஏழாம் வகுப்பிலேயே கடிதம் அனுப்பி நீங்கள் கையொப்பமிட்டிருக்கிறீர்கள் என்கிறார்கள். அது உண்மைதான். வந்து ஓராண்டு மட்டுமே ஆன குடும்பத்துக்கு அலுவலக ஜேர்மனில் ஒரு தாளை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்வது எனக்கு இன்றும் ஆத்திரத்தைத் தருகிறது. ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமாயிருந்தது.

ஆகவே பெற்றோர் சந்திப்பு நாளில் உங்களுக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தில், பிள்ளை ஒழுங்காக இருக்கிறானா என்று கேட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள். எந்தப் பாடத்தில் எந்தக் கூர்ஸ், ஏ-கூர்ஸுக்கு மாற என்ன குறைகிறது, அடுத்த மாற்றம் எப்போது என்ற மூன்றையும் வகுப்பாசிரியரிடமும் பாட ஆசிரியரிடமும் கேளுங்கள். மாற்றம் வழக்கமாக அரையாண்டு அல்லது ஆண்டு முடிவில் நடக்கும். தாமதிக்கத் தாமதிக்க இடைவெளி கூடும். மொழிதான் தடை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லி, ஜேர்மன் மொழிக்கான துணை வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். கேட்பவர்களை இங்கே யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை.

ஏழாம் வகுப்பில் தெரிவுசெய்யும் விருப்பக் கட்டாயப் பாடமும் முக்கிய பாடமாகவே எண்ணப்படும். அபிடூருக்கு இரண்டாவது பிறமொழி வேண்டும் என்பதற்காகப் பலர் பிரெஞ்சைத் திணிக்கிறார்கள். ஜேர்மனையே இன்னும் பிடித்துக்கொள்ளாத பிள்ளைக்கு அது வீண் சுமை. இரண்டாம் மொழியைப் பதினோராம் வகுப்பிலும் தொடங்கலாம். தொழில்நுட்பமோ நாடகமும் வடிவமைப்புமோ பிடித்தால் அதையே எடுக்கட்டும்.

தொழில் வழிகாட்டலில் முழுநாள் பாடசாலையை மெச்சத்தான் வேண்டும். எட்டாம் வகுப்பில் திறன் ஆய்வு நடந்து அதன் முடிவைப் பெற்றோரோடும் பேசுவார்கள். பிறகு தொழில் துறைகளை நேரில் காணும் நாள்கள். ஒன்பதில் அல்லது பத்தில் இரண்டு மூன்று கிழமைப் பிராக்டிகும், அதாவது ஒரு வேலைத்தலத்தில் பயிற்சி. நம்மவர் இதையும் மாமாவின் பலசரக்குக் கடையில் அரிசி மூட்டை அடுக்கி முடித்துவிடுகிறார்கள். என் மகள் தானே விண்ணப்பம் எழுதி, மூக்குக் கண்ணாடிக் கடையொன்றின் பட்டறையில் நின்றாள். வில்லையின் விளிம்பைச் சட்டத்துக்கு ஏற்பத் தேய்ப்பதையும் தேய்த்தபின் மையம் விலகியிருக்கிறதா என்று அளப்பதையும் படம் வரைந்து அறிக்கைக் கோப்பில் எழுதினாள். அதை வாசித்தபோதுதான் அவளுக்கு ஒளியியலில் இவ்வளவு ஈடுபாடு என்று எனக்கே தெரிந்தது.

கடைசியாகத் தமிழ். சனிக்கிழமைத் தமிழாலயத்தோடு, இம்மாநிலத்தின் சில இடங்களில் அரசே நடத்தும் தாய்மொழி வகுப்புகளிலும் தமிழ் உண்டு. அதற்குப் பெற்றோர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதன் இறுதியில் நடக்கும் மொழித் தேர்வில் 2 அல்லது 1 எடுத்தால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பிறமொழிக்கு வந்த 5ஐ அது ஈடுசெய்யும். உங்கள் ஊரில் தமிழ் வகுப்பு எங்கே நடக்கிறது என்பதைப் பாடசாலைச் செயலகத்தில் கேட்டால், மாவட்டக் கல்வி அலுவலகத்தின் படிவத்தைத் தருவார்கள்.