ஃபைனல் ஃபேன்டஸியை எதிலிருந்து ஆரம்பிப்பது: ஒரு கையில் பரோட்டா வைத்திருப்பவர்களுக்கு

குற்றாலம் சீசனில் சில கடைகளில் ‘இன்றே கடைசி’ என்று ஒரு போர்டு தொங்கும். அடுத்த வருஷம் போனாலும் அதே போர்டு அதே ஆணியில்தான் தொங்கும். ஃபைனல் ஃபேன்டஸி என்கிற வீடியோ கேம் சீரிஸும் அந்தக் கதைதான். ‘கடைசி’ என்று பெயர் வைத்துக்கொண்டு 1987ல் ஜப்பானில் வந்தது, 2023ல் 16ஆவது வந்துவிட்டது. நடுவில் 10-2, 13-2 என்று பங்காளிகள் வேறு. இங்கே செங்கோட்டையில் எனக்குத் தெரிந்த தம்பிகள் நாலைந்து பேர் “அண்ணே, எதுல இருந்து ஆரம்பிக்க?” என்று கேட்டு, ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் போட்டு அலுத்துப்போய்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த சீரிஸுக்கு இருபது வருஷ ரசிகன், அதில் பாதி வருஷம் அதோடு பேச்சுவார்த்தை சரியில்லை.

முதல் வேலை, எண்ணை மறந்துவிடுங்கள். 7 விளையாட 6 தெரிந்திருக்க வேண்டியதில்லை. எண் மாறினால் உலகமும் ஆட்களும் கதையும் மொத்தமாக மாறிவிடும். சோகோபோ என்கிற மஞ்சள் பறவை, சிட் என்கிற பெயரில் ஒரு ஆள், சில இசைத் துண்டுகள், இவைதான் பெரும்பாலும் ஊர் ஊராகக் கூடவே வரும். 10-2, 13-2 மாதிரி கோடு போட்டு எண் வந்தால் மட்டும் அது முந்தைய கதையின் தொடர்ச்சி, அதை முதலில் எடுக்காதீர்கள். இன்னொன்று, பழைய அமெரிக்க வழிகாட்டிகளில் 2 என்று போட்டிருந்தால் அது 4, 3 என்று போட்டிருந்தால் அது 6. அந்தக் காலத்தில் அங்கே எல்லாம் வெளியாகாததால் எண்ணை மாற்றி விற்றார்கள்.

அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கிராஃபிக்ஸை வைத்தோ ரேட்டிங்கை வைத்தோ வேண்டாம். என் அளவுகோல் ஒன்றே ஒன்று: சண்டையில் அந்த கேம் உங்களுக்காகக் காத்திருக்குமா, காத்திருக்காதா?

காத்திருப்பதில் ராஜா 10தான், 2001ல் வந்தது. திரையின் வலது ஓரத்தில் அடுத்து யார், அதற்கடுத்து யார் என்று வரிசை தெரியும். உங்கள் முறை வந்துவிட்டால் நீங்கள் பொத்தானை அமுக்கும்வரை பூதம் அப்படியே நின்றுகொண்டு இருக்கும். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். சண்டைக்கு நடுவிலேயே ஒரு ஆளை வெளியே அனுப்பிவிட்டு வேறு ஆளை இறக்கலாம், பறக்கிற எதிரி என்றால் பந்து எறிகிற வாக்கா, தோல் தடித்த எதிரி என்றால் வாள் பிடித்த ஆரோன் என்று. நான் இதை முதலில் விளையாடியது கேரளப் பக்கம் புனலூரில் மாமா வீட்டில். மாமா வளைகுடாவிலிருந்து பிளேஸ்டேஷன் 2 கொண்டுவந்திருந்தார், முழுப்பரீட்சை லீவுக்கு மீட்டர் கேஜ் ரயிலில் மலையைத் தாண்டிப் போய் இறங்கினால் திரும்ப ஒரு மாதம் ஆகும். போகும்போது பார்டர் கடையில் பரோட்டா பார்சல் வாங்கிக்கொண்டு போவேன், அது மச்சானுக்கு லஞ்சம். இடது கையில் கன்ட்ரோலர், வலது கையில் சால்னா சொட்டுகிற பரோட்டா, ஒரு வாய் பிய்த்துப் போட்டுவிட்டு இடது கட்டைவிரலாலேயே மெனுவில் இறங்கி ‘அட்டாக்’. அப்படி உட்கார்ந்து ஒரு பெரிய பாஸையே, அதாவது பெரிய எதிரியையே, முடித்திருக்கிறோம். இதைத்தான் காத்திருக்கிற கேம் என்கிறேன்.

10ஐ எடுத்தால் ஒரு எச்சரிக்கை. தண்டர் பிளெயின்ஸ் என்று ஒரு இடம் வரும், இடியும் மழையுமான வெட்டவெளி. திரை ஒரு கணம் வெளுக்கும், அந்தக் கணத்தில் எக்ஸ் பொத்தானை அமுக்கினால் நாயகன் டீடஸ் தாவித் தப்பிப்பான். இதை விடாமல் தொடர்ச்சியாக 200 தடவை செய்தால் நம் கூட்டத்தில் மந்திரம் போடுகிற லூலுவின் ஆயுதத்துக்கு வேண்டிய ஒரு பொருள் கிடைக்கும். ஒருமுறை அடி பட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. ஒரு தீபாவளி லீவில் நான் அதைச் செய்ய உட்கார்ந்தேன், ஐப்பசி மாதம், மலைக்கு அந்தப் பக்கம் துலாவர்ஷம் என்பார்கள், மத்தியானம் வரை வெயில் அடித்துவிட்டு மூன்று மணிக்கு மேல் வானம் இடிந்து விழும். திரையிலும் மின்னல், ஜன்னலிலும் மின்னல், எது எது என்று தெரியாமல் ஜன்னல் வெளிச்சத்துக்கெல்லாம் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தேன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து காலண்டர் தாளில் கோடு போட்டு எண்ணினான். 143. அடுக்களையிலிருந்து அத்தை பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, “மக்கா, பிளக்க ஊரு, டிவி போயிரும்!” என்று கத்தி முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. நீங்கள் செய்வதானால் அங்கே தரையில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது, அதை மிதித்தால் உடனே மின்னல் விழும், அதையே சுற்றிச் சுற்றி மிதியுங்கள், கணக்கு சுலபம். இல்லை, லூலு சும்மாவே பலசாலிதான், விட்டுவிடுங்கள்.

4 முதல் 9 வரை பாதிதான் காத்திருக்கும். ஒரு கோடு நிறையும், நிறைந்ததும் உங்கள் முறை, நீங்கள் யோசித்துக்கொண்டே இருந்தால் எதிரி அடித்துவிட்டுப் போவான். ஆரம்பித்தவுடன் கான்ஃபிக் என்கிற செட்டிங்ஸ் பக்கம் போய் ‘ஆக்டிவ்’ என்று இருந்தால் அதை ‘வெயிட்’ ஆக்குங்கள், மந்திரமோ மருந்தோ தேடும்போது நேரம் நின்றுவிடும். இது தெரியாமல் பாதியில் விட்டவர்கள் ஏராளம். இந்தக் கூட்டத்தில் கதைக்கு 6, மனசுக்கு 9. போனில் விளையாடுகிறவர்கள் 1 முதல் 6 வரை பழையதைப் புதுப்பித்து பிக்சல் ரீமாஸ்டர் என்று வருகிறதே அதை எடுக்கலாம், ஒருமுறை காசு கொடுத்தால் போதும், நடுவில் விளம்பரம் வராது, சண்டை இல்லாத நேரத்தில் எங்கே வேண்டுமானாலும் குவிக் சேவ் போடலாம். பஸ்ஸில் புளியரை செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு குகையே முடிந்துவிடும்.

எல்லோரும் பேசுவது 7. 1997ல் மூன்று டிஸ்கில் வந்தது. இப்போது அதைப் பல பாகங்களாகப் பிரித்துப் புதிதாகச் செய்கிறார்கள், 2020ல் ரீமேக், 2024ல் ரீபெர்த். பழையதில் சில மணி நேரத்தில் கடந்துபோகிற மிட்கார் நகரம் மட்டுமே ரீமேக்கில் ஒரு முழு கேம். அழகாகத்தான் இருக்கிறது, நான் இரண்டு தடவை முடித்தேன், இரண்டு தடவையும் கடைசியில் ‘இதை எதுக்குல மாத்துனீங்க’ என்று டிவியிடம் சண்டை போட்டேன். பழையதை முதலில் விளையாடுங்கள், அப்போதுதான் நீங்களும் என்னோடு சேர்ந்து கோபப்பட முடியும். ரீமேக்கில் ‘கிளாசிக்’ என்று ஒரு நிலை இருக்கிறது, ஆட்கள் தாங்களே அடித்துக்கொள்வார்கள், கோடு நிறையும்போது நீங்கள் உத்தரவு கொடுத்தால் போதும்.

12ல் நீங்கள் சண்டையே போட வேண்டாம், ‘யாருக்காவது உயிர் பாதிக்குக் கீழே போனால் மருந்து கொடு’ மாதிரி சட்டங்களை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு வேடிக்கை பார்க்கலாம். எனக்குப் பிடிக்கும், மச்சானுக்குத் தூக்கம் வரும். 13 நம்ம ஆரியங்காவு ரயில் குகை, ஒரே நேர்கோடு, வலமும் இல்லை இடமும் இல்லை, பெரிய வெளி ஒன்று வருவதற்கு பத்து அத்தியாயம் தாண்ட வேண்டும், அதுவரை பொறுமை உள்ளவர்கள் மட்டும். 15 நாலு பையன்கள் காரில் ஊர் சுற்றுவது, ராத்திரி கூடாரம் போட்டு இக்னிஸ் சமைப்பதைப் பார்த்தால் நமக்குப் பசிக்கும், கதைதான் துண்டு துண்டாகக் கிடக்கும். 14 ஆன்லைன், 2010ல் வந்து தோற்று, 2013ல் மறுபடி கட்டி எழுப்பியது. லெவல் 70 வரை இலவச ட்ரையல் உண்டு. அவசரப்பட்டு முழு கேமை வாங்கிவிடாதீர்கள், வாங்கினால் அந்த அக்கவுண்டில் ட்ரையலுக்குத் திரும்ப வழியில்லை.

16 காத்திருக்கவே காத்திருக்காது. முழுக்க ஆக்‌ஷன், ஒரே ஆள், ரத்தமும் கெட்ட வார்த்தையும் உண்டு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற ஹாலில் போடாதீர்கள். கை வேகம் இல்லாதவர்களுக்கென்றே சில மோதிரங்கள் கொடுத்திருக்கிறார்கள், மாட்டிக்கொண்டால் அடி வரும்போது தானாகவே விலகிக்கொள்ளும். நான் மாட்டிக்கொண்டேன், வெட்கமில்லை. ஆனால் ஆள் தானாக விலகும்போது என் கைக்கு அங்கே என்ன வேலை என்று ஒரு யோசனை வந்து இரண்டு நாள் அதைத் தொடவில்லை.

சேவ் பற்றி ஒரு வார்த்தை. 10ஐப் பழைய பிளேஸ்டேஷனில் போடுகிறவர்கள், வெளிச்ச உருண்டை கண்ணில் பட்டால் பத்து நிமிஷம் முன்னாடிதான் சேவ் போட்டோம் என்றாலும் இன்னொரு தடவை போடுங்கள், அதுவும் இரண்டு இடத்தில் மாற்றி மாற்றி. சாரல் காலத்தில் கரண்ட் சொல்லிவிட்டுப் போகாது. கம்ப்யூட்டரில் வாங்குவதானால் கோடை, டிசம்பர் தள்ளுபடிக்குக் காத்திருங்கள், பழைய எண்கள் நன்றாகவே இறங்கும். பிடிக்கவில்லையென்றால் நடுவில் விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள், கதை விட்டுப்போகாது, அதுதான் முதலிலேயே சொன்னேனே.

போன மாதம் புனலூர் போயிருந்தேன், இப்போது அகலப் பாதை ரயில், பரோட்டா மட்டும் அதே கடை. மச்சான் 16ஐ இரண்டாவது தடவை ஓட்டிக்கொண்டிருந்தான். “எடா, இது கொள்ளாம், நீயும் ஒரு கை பாரு” என்று கன்ட்ரோலரை நீட்டினான், பார்சலை அப்போதுதான் பிரித்திருந்தேன், கையெல்லாம் சால்னா. நீயே ஆடு என்றேன். மூன்று பாஸ் முடிகிறவரை அவன் பரோட்டா பக்கமே திரும்பவில்லை, அவன் பங்கையும் நானே தின்றேன்.