ஏரிக்குள் சாக்கடை விடும் நகராட்சி மீது வழக்குப் போடுவது எப்படி?

உங்கள் ஊர் பாதாள சாக்கடைத் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்குள் இறங்குகிறதா? சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். இதற்கென்றே 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது, தமிழ்நாட்டு வழக்குகளைச் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வு விசாரிக்கிறது. வக்கீல் வைக்காமல் நீங்களே ஆஜராகலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான்.

ஆனால் மனு எழுத உட்காரும் முன் காகிதம் சேருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகராட்சிக்கு ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒன்று போடுங்கள். "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள்: ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கழிவுநீர் வருகிறது, சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு என்ன, போன வருடம் மாதவாரியாக உண்மையில் எவ்வளவு சுத்திகரித்தார்கள், வாரியம் கொடுத்த இசைவாணையின் (கழிவுநீரை வெளியேற்றத் தரும் அனுமதி) நகல், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகள், அனுப்பிய நோட்டீஸ்கள். கொள்ளளவை மட்டும் காட்டி ஏமாற்றுவார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்கையே பாருங்கள், நாட்டின் நகரங்களில் தினமும் உருவாகும் கழிவுநீர் சுமார் 7,237 கோடி லிட்டர், நிறுவிய கொள்ளளவு 3,184 கோடி, சுத்திகரித்தது 2,024 கோடிதான். உங்கள் ஊரிலும் இந்த இடைவெளி எவ்வளவு என்று அவர்கள் கைப்படவே எழுதி வாங்கிவிட்டால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

அப்புறம் தேதி போட்ட புகைப்படங்கள், கலெக்டருக்கும் கமிஷனருக்கும் அனுப்பிய புகார்கள், தபால் ரசீதுகள். தனியார் லேபில் நீங்கள் எடுத்த பரிசோதனையை இணைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கூட்டுக் குழு அமைத்து நேரில் ஆய்வு செய்து மாதிரி எடுக்க உத்தரவிடும்படி மனுவிலேயே கேளுங்கள்.

பலர் கோட்டைவிடுவது காலக்கெடுவில். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் (சுற்றுச்சூழல் தகராறைத் தீர்க்கக் கேட்கும் மனு) போட்டால், பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து 6 மாதம், தக்க காரணம் இருந்தால் கூடுதலாக 60 நாள், அவ்வளவுதான். இழப்பீட்டுக்கும் ஏரியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் 15-ஆம் பிரிவில் 5 வருடம் இருக்கிறது. பல வருடமாக நடக்கும் அநியாயம் என்றால் சீரமைப்பைக் கட்டாயம் சேர்த்துக் கேளுங்கள்.

எதிர்மனுதாரர்களாக நகராட்சி, நகராட்சி நிர்வாகத் துறைச் செயலாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கலெக்டர் எல்லோரையும் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டே வாய்தா ஓடும்.

"நிதி இல்லை" என்று பதில் மனு வரும், நிச்சயம் வரும். ரத்லம் நகராட்சி வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2017 பிப்ரவரியில் பர்யாவரண் சுரக்ஷா சமிதி வழக்கில், உள்ளாட்சியால் பணம் திரட்ட முடியாவிட்டால் மாநில அரசு கொடுக்க வேண்டும் என்றே சொல்லிவிட்டது. இரண்டையும் மனுவில் எழுதுங்கள்.

2022-ல் தீர்ப்பாயம் கழிவு மேலாண்மையில் தவறியதற்காக மேற்கு வங்கத்துக்கு 3,500 கோடி, மகாராஷ்டிரத்துக்கு 12,000 கோடி ரூபாய் விதித்தது. பெரிய தொகைதான், ஆனால் அதுவும் நம் வரிப்பணமே. என்னைக் கேட்டால் அபராதத்தை விட, எந்த வாய்க்கால் எந்தத் தேதிக்குள் அடைபடும், யார் பொறுப்பு என்று கேட்பதுதான் ஏரிக்கு நல்லது.

உத்தரவு வந்தும் வேலை நடக்கவில்லையென்றால் நிறைவேற்று மனு போடுங்கள், தீர்ப்பாய உத்தரவுக்கு சிவில் கோர்ட் டிக்ரிக்குள்ள (தீர்ப்பாணை) பலம் உண்டு. மனுவே தள்ளுபடியானால் 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றம் போகலாம்.