மைக்ரோகோட் உரைக் கோப்பை ஃபர்ம்வேருக்கான பைனரியாக மாற்றுதல்

இன்டெல் செயலிகளுக்கான பழைய மைக்ரோகோட் (செயலியின் உள் செயல்பாட்டைத் திருத்தும் நிரல்) கோப்புகள், கமாவால் பிரிக்கப்பட்ட 32 பிட் பதினாறடிமான எண்களாகவே கிடைக்கின்றன. கோர்பூட் என்ற திறந்த மூல ஃபர்ம்வேருக்கு (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அவற்றைப் பைனரியாகத் தர விரும்புவோருக்காக, நான் செய்து பார்த்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில், குறிப்புரைகளை நீக்கிவிட்டு எண்களை மட்டும் வரிசை மாறாமல் பிரித்தெடுங்கள். பைத்தானில் இது ஒரே வரி வேலை.

அடுத்து, ஒவ்வோர் எண்ணையும் நான்கு பைட்டுகளாக எழுத வேண்டும். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். பதினாறடிமான எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் எக்ஸ்எக்ஸ்டி (xxd) கருவியின் மறுமாற்ற வசதியை நம்பி, எண்களைக் கண்ணுக்குத் தெரிந்த வரிசையிலேயே எழுதியதால், கணினி குறையின்றித் தொடங்கினாலும் மைக்ரோகோட் பதிப்பு மட்டும் பழையதாகவே இருந்தது. ஒரு மாலை முழுவதும் ஃபர்ம்வேரின் அமைப்புகளையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். இன்டெல் செயலி லிட்டில் எண்டியன் முறையைப் பின்பற்றுவதால், எண்ணின் கடைசி பைட்டுதான் கோப்பில் முதலில் வர வேண்டும். 00020655 என்ற செயலி அடையாளம், கோப்பின் 12ஆவது பைட்டு முகவரியில் (சுழியத்திலிருந்து எண்ணினால்) 55 06 02 00 என்று அமைய வேண்டும். கோப்பின் தொடக்கமும் 01 00 00 00 என்றிருக்க வேண்டும். 00 00 00 01 என்றிருந்தால் என்னைப் போலவே நீங்களும் தவறியிருக்கிறீர்கள்.

பிறகு சரிபார்ப்பு. தலைப்பகுதியின் நீளம் 48 பைட்டுகள். 32ஆவது முகவரியில் மொத்த அளவு உள்ளது. அது சுழியமாக இருந்தால் 2048 பைட்டுகள் என்று கொள்ள வேண்டும். அந்த அளவு முழுவதையும் 32 பிட் எண்களாகக் கூட்டினால், 32 பிட்டுக்கு மேற்பட்ட மிகுதியை விட்டபின் விடை சுழியமாக வர வேண்டும்.

இன்டெல் மைக்ரோகோட் கோப்புகளைக் கையாளும் ஐயூகோடு-டூல் (iucode-tool) என்ற கருவி இந்த மாற்றத்தையும் செய்துவிடும். ஆயினும் பைட்டு வரிசை கண்ணில் படுவதால், மாற்றத்துக்குப் பைத்தானையும், உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டுப் பார்க்க மட்டும் அக்கருவியையும் பயன்படுத்துவதே எனக்குப் பிடித்திருக்கிறது.

இறுதியாக, கோர்பூட் அமைப்புப் பட்டியலில் வெளிப்புற மைக்ரோகோட் பைனரி என்ற தெரிவில் கோப்பின் பாதையைக் கொடுத்து ஃபர்ம்வேரை உருவாக்குங்கள்.

பின்சேர்க்கை: ஒரே உரைக் கோப்பில் பல செயலிகளுக்கான புதுப்பிப்புகள் இருந்ததால் மொத்த அளவு கோப்பின் நீளத்தோடு பொருந்தவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். புதுப்பிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியே இருக்கும். ஒவ்வொன்றின் மொத்த அளவையும் படித்து, அங்கங்கே வெட்டித் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். அடையாளம் ஒன்றாகவே இருந்தாலும், 24ஆவது முகவரியிலுள்ள தளக் குறியீடு (எந்த வகைத் தளத்துக்கானது என்பதைக் காட்டுவது) வேறுபடலாம் என்பதால், எண் ஒத்துப்போகிறதென்று முதலில் கண்ட துண்டையே எடுத்துக்கொள்ள வேண்டாம்.